நோவாவின் மனைவி பேசிய வசனம்

ஏறுங்கள் மேடம். முன்னால் ஏறுங்கள். பின் சீட்டில் பேழையின் கூரை கிடக்கிறது. தெர்மோகோல்தான், ஆனால் நசுங்கினால் கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஆகாது. பெல்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். அது கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அழுத்திச் சொருகுங்கள். ஆங்.

ஸ்டேஷனில் நானே விடுகிறேன் என்று சொன்னபோது ஃபாதர் முகம் போன போக்கைப் பார்த்தீர்களா? "வேணாம் ஜெசிந்தாம்மா, ஆட்டோ சொல்லியாச்சு." நடுவராக வந்த பேராசிரியரை, கொட்டுகிற மழையில், ஆட்டோவில் அனுப்பும் கோயில் எங்கள் பங்குக் கோயில் இல்லை. நான் இருக்கும்வரைக்கும் இல்லை.

மூன்றாம் பரிசு. சரி. நான் ஒன்றும் சொல்லவில்லை. நாடகப் போட்டிக்கு வந்ததே மூன்று அன்பியம், அதில் மூன்றாம் பரிசு என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும். முதல் பரிசு ஊதாரி மகனுக்கு. உயிரோடு ஒரு பன்றிக்குட்டியை மேடைக்குக் கொண்டுவந்தார்கள், அது மைக் ஒயர் மேல் என்ன செய்தது என்று முன்வரிசையில் உட்கார்ந்து நீங்களே பார்த்தீர்கள். போகட்டும். எனக்குப் பரிசு பெரிதில்லை. சிறந்த நடிகை என்று அமலோற்பவத்தைக் கூப்பிட்டு அந்தப் பித்தளைக் கேடயத்தைக் கொடுத்தீர்களே, அதுதான். அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

யோவ், இண்டிகேட்டர் போட்டால் குறைந்தா போய்விடுவாய்? பாருங்கள் மேடம், மழை என்றால் போதும், இவர்களுக்கு ரோடு சொந்தமாகிவிடும்.

சுற்றி வளைக்க எனக்கு வராது. நாளைக் காலைப் பூசை முடிந்ததும் அறைக்கு வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார் ஃபாதர். எதற்கு என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருக்களைச் சேர்த்து இந்த அன்பியத்தைத் தொடங்கிய நாளிலிருந்து நான்தான் தலைவி. வாராவாரம் வீடுவீடாக ஜெபம், விவிலிய வாசிப்பு, சுண்டல், எல்லாம் என் பொறுப்பு. நாளைக்கு அதைப் பிடுங்கப் பார்க்கிறார்கள். ஒரு நாடக வசனத்துக்காக. நீங்கள் ஒரே ஒரு ஃபோன் செய்தால் போதும். "ஃபாதர், எழுதுகிறவர் வேறு, அவர் எழுதிய பாத்திரம் வேறு. இலக்கியத்தில் அதுதான் முதல் பாடம்" என்று ஒரு வார்த்தை. நீங்கள் சொன்னால் கேட்பார். டாக்டர் பட்டம் வாங்கியவர் சொன்னால் எங்கள் ஃபாதர் எதையும் கேட்பார்.

உங்கள் தொடக்க உரையை நான் திரைக்குப் பின்னால் நின்று முழுதும் கேட்டேன். கையில் வசனத்தாள், தலையில் முக்காடு, கழுத்தில் மைக், ஆனாலும் கேட்டேன். பெருவெள்ளக் கதை இல்லாத இனமே இல்லை என்றீர்கள். பாபிலோனில் ஒன்று, வடக்கே ஒரு மீன், நமக்குக் கடல்கோள். வெள்ளம் ஓர் உருவகம் என்றீர்கள். அழித்துவிட்டு மறுபடி எழுதும் ஆசை என்றீர்கள். நல்ல தமிழ். கோபித்துக்கொள்ளக் கூடாது மேடம், எங்கள் தெருவில் அந்த டிசம்பரில் வந்தது உருவகம் இல்லை. சாக்கடை. ஏரி உடைந்து, வழியில் இருந்த எல்லா செப்டிக் டேங்கையும் கூட்டிக்கொண்டு வந்தது. அதற்கு ஒரு வாடை உண்டு. எந்த உரையிலும் அது வருவதில்லை.

ஆனால் ஒன்று கேட்டீர்கள், அது எனக்குப் பிடித்தது. எல்லா இலக்கியமும் பேழைக்கு உள்ளேயிருந்தே கதையைச் சொல்கிறது, வெளியே நின்றவர்களின் குரல் எங்கே போயிற்று என்று கேட்டீர்கள். கூட்டம் கொட்டாவி விட்டது. எனக்கு மட்டும் சிலிர்த்தது. ஏனென்றால் அதைத்தான் நான் எழுதியிருந்தேன்! வெளியே நிற்பவர்களுக்கு வசனம் கொடுத்திருந்தேன். நோவாவின் மனைவிக்கும் கொடுத்தேன். பைபிளில் அவளுக்குப் பெயர்கூடக் கிடையாது தெரியுமா? வாயே திறப்பதில்லை. அத்தனை மிருகத்துக்கும் தீனி போட்டது யார், சாணி அள்ளியது யார்? ஒரு வரி இல்லை. அதனால் நானே அந்த வேஷத்தை எடுத்துக்கொண்டேன். எங்கள் அன்பியத்தில் 'ழ' சொல்ல வருவது எனக்கு மட்டும்தான். கான்வென்டில் மதர் பெர்னார்தா ஸ்கேலால் அடித்தே நாக்கை வளைத்தவர்.

இந்த அமலோற்பவம் யார் என்று உங்களுக்குத் தெரியாது. பேரைக் கூப்பிட்டுக் கேடயம் கொடுத்தீர்கள், அவ்வளவுதான்.

அமலா எங்கள் தெருவில் இருந்தவள். எங்கள் வீடு மாடி வீடு. எங்கள் காம்பவுண்டை ஒட்டி, பள்ளத்தில், ஓர் ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தாள். பிளவுஸ் தைப்பாள். மோசமாகத் தைப்பாள், கைக்குழி எப்போதும் பிடிக்கும், பாவம் என்று கொடுப்பேன். புருஷன் இன்னாசி பெயின்டர். அந்த வருடம் சாரத்திலிருந்து விழுந்து, ஒரு காலுக்கு இடுப்புவரைக்கும் மாவுக்கட்டு. கட்டிலோடு கிடந்தான்.

வெள்ளம் வந்த அன்று செவ்வாய்க்கிழமை. காலையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. யாரும் எனக்குச் சொல்லவில்லை, நோவாவுக்குச் சொன்னது போல. தெருமுனைக் குழியில் தண்ணீர் உள்ளே போகாமல் வெளியே வருவதைப் பார்த்தேன், அவ்வளவுதான். உடனே வேலையை ஆரம்பித்தேன். ஃப்ரிட்ஜ் மாடிக்கு. வாஷிங் மெஷின் மாடிக்கு. தேக்கு சோபா மாடிக்கு. அரிசி மூட்டை, இன்வெர்ட்டர், அன்பியத்து வேளாங்கண்ணி மாதா சுரூபம், நாய். எங்கள் வீட்டுக்காரர் செபாஸ்டின் அந்த சோபாவைத் தூக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ஜெசி, இது எதுக்குடி? பக்கத்து வீட்டுல இன்னாசி படுத்துக் கெடக்கான், அவனைப் போய்ப் பாக்கலாம்ல?" என்றார். "மொதல்ல பிடிங்க, அப்புறம் பேசுங்க" என்றேன். அவருக்கு எப்போதும் எது முதலில், எது பிறகு என்று தெரியாது. வங்கியில் வேலை பார்த்த மனிதர், ஆனாலும் தெரியாது.

பத்து மணிக்கெல்லாம் முழங்கால். பிறகு கிடுகிடு என்று இடுப்பு. நான் மாடிப்படி அடியில் இருக்கும் கிரில் கேட்டைப் பூட்டி, சாவியைக் கொசுவத்தில் சொருகிக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

ஏன் பூட்டினேன் என்று பார்க்கிறீர்கள். நீங்கள் வாயைத் திறக்காவிட்டாலும் உங்கள் கண்ணாடி கேட்கிறது. மேடம், அந்தத் தெருவில் மாடி இருந்தது எங்களுக்கு மட்டும். கேட்டைத் திறந்தால் ஒருவரா வருவார்கள்? ஏரிக்கரைக் குடிசை அத்தனையும் வரும். ஆடு, கோழி, மூட்டை, குழந்தை. மேலே இருப்பது ஒரு ஹால், ஒரு பாத்ரூம். அதில் சோபா, ஃப்ரிட்ஜ். எங்கே நிற்க வைப்பது? வந்தவர்கள் தண்ணீர் வடிந்ததும் போவார்கள் என்று என்ன நிச்சயம்? நோவாவை யாராவது இந்தக் கேள்வி கேட்டார்களா? உலகம் மொத்தமும் மூழ்கும்போது கழுதைக்கும் கழுதைப்புலிக்கும் இடம் கொடுத்து, அக்கம்பக்கத்தவருக்குக் கொடுக்காத மனிதர். நீதிமான் என்று பெயர். எல்லா ஞாயிறு மறைக்கல்வியிலும் பிள்ளைகள் அவர் படத்துக்குக் கலர் அடிக்கிறார்கள். நான் ஒரு கேட்டைப் பூட்டினால் மட்டும்...

சரி விடுங்கள். நான் எதையும் மறைக்கவில்லை. பூட்டினேன், பூட்டினேன் என்றே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். யாரும் வந்து தட்டியது எனக்குக் கேட்கவில்லை, அதுதான் விஷயம். எப்படிக் கேட்கும்? மாடிக்கு மேல் தகரக் கொட்டகை, அதன்மேல் மழை. நாய் வேறு ஓயாமல் குரைக்கிறது. நான் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை என்பதால் துயர மறையுண்மைகள். சத்தமாகத்தான் சொன்னேன், ஆபத்து நேரத்தில் வாய்க்குள் முணுமுணுப்பதா? நடுவில் செபாஸ்டின் ஒருமுறை எழுந்தார். "ஜெசி, சாவி" என்றார். உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தார். பாத்ரூமுக்கு எழுந்திருப்பார்.

ஆமாம், பாத்ரூம் மேலேதான் இருக்கிறது. அதற்குச் சாவி எதற்கு என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில் மனிதர்கள் என்னென்னவோ கேட்பார்கள்.

மறுநாள் மீனவர்கள் படகு கொண்டு வந்தார்கள். அமலா ஓட்டின்மேல் உட்கார்ந்திருந்தாள். இன்னாசி உள்ளே. கட்டிலோடு மேலே மிதந்து, ஓட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில். வேண்டாம், நீங்கள் ரயில் ஏறப் போகிறீர்கள்.

அதற்குப் பிறகு அவளுக்கு யார் செய்தது? நான். பங்கிலிருந்து தையல் மெஷின் வாங்கிக் கொடுக்க வைத்தது நான். கோயிலுக்குப் பின்னால் அறை பிடித்துக் கொடுத்தது நான். வருடாவருடம் இன்னாசி நினைவுப் பூசைக்கு என் கையால் மெழுகுவர்த்தி. பூசை முடிந்ததும் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொள்வாள். ஒவ்வொரு வருடமும் ஒரே கேள்வி. "அக்கா, அன்னிக்கு நான் வந்து கேட்டைத் தட்டினேன்க்கா. உங்களுக்குக் கேக்கவே இல்லையாக்கா?"

"மழையில என்ன கேக்கும் அமலா?"

"நான் இன்னும் பலமாத் தட்டியிருக்கணும், இல்லக்கா? கல்லைக் கில்லை எடுத்துத் தட்டியிருக்கணும். வெக்கப்பட்டுக்கிட்டு மெல்லத் தட்டிட்டேன். என்னாலதான் அவரு..."

"அழாத. நீ இன்னும் கொஞ்சம் பலமாத் தட்டியிருந்தா எனக்குக் கேட்டிருக்கும். நான் இறங்கி வராம இருப்பேனா? சரி, எல்லாம் அவர் சித்தம்" என்பேன். வேறு என்ன ஆறுதல் சொல்ல முடியும்? வருடாவருடம் அதைக் கேட்டுத்தான் அவள் மனசைத் தேற்றிக்கொண்டு போவாள். போகும்போது வலதுகையைத் தேய்த்துக்கொண்டே போவாள், அது ஒரு பழக்கம். கொஞ்சம் வினோதமான பெண்தான். பிள்ளைகளுக்குக் காது குத்தும் விழாவில்கூட எழுந்து போய், மூடிய கதவாகப் பார்த்து, அதில் எவ்வளவு பலமாகத் தட்டினால் எவ்வளவு தூரம் கேட்கும் என்று பார்ப்பாளாம். எனக்கு அந்த விஷயமெல்லாம் பிறர் சொல்லித் தெரியும்.

லாரிக்காரன் எப்படிச் சேற்றை அடிக்கிறான் பாருங்கள். கண்ணாடியை ஏற்றுங்கள் மேடம்.

இந்த வருடம் விவிலிய நாடகப் போட்டி என்று ஃபாதர் அறிவித்ததும் நான் நோவா என்று முடிவு செய்துவிட்டேன். மூன்று மத்தியானத்தில் எழுதி முடித்தேன். யாராவது இதைச் செய்ய முடியுமா சொல்லுங்கள். சமையல் முடித்து, பாத்திரம் கழுவி, பிறகு உட்கார்ந்து எழுதியது. தண்ணீருக்கு நீலப் புடவைகள். இரண்டு பக்கமும் பெண்கள் பிடித்து ஆட்ட வேண்டும், ஆட்ட ஆட்ட உயர்த்திக்கொண்டே போக வேண்டும். இடிக்குச் செபாஸ்டின் தகரத்தைக் குலுக்குவார். எல்லாம் என் யோசனை.

ஆனால் சும்மா அழுகையாக இருந்தால் கூட்டம் தூங்கிவிடும். நடுவில் ஒரு சிரிப்பு வேண்டும். அதற்காக வெளியே நிற்கிற ஒருத்திக்கு ஒரு வசனம் வைத்தேன். உலகமே மூழ்குகிறது, மலை மூழ்குகிறது, அவள் வந்து பேழைக் கதவைத் தட்டி என்ன சொல்கிறாள் தெரியுமா? "அக்கா, அவரை மட்டும் மேல ஏத்திக்கங்க. கால்ல கட்டுப் போட்டிருக்கு, கட்டு நனையக் கூடாதுன்னு வைத்தியர் சொல்லியிருக்காரு." கட்டு நனையக் கூடாதாம்! கழுத்தளவு தண்ணீரில்! நீங்களே சிரித்தீர்கள் மேடம், நான் திரை இடுக்கில் பார்த்தேன். முதல் ஒத்திகையில் வசனத்தைப் படித்தபோது பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்த வேஷத்துக்கு அமலாதான் என்று நான் முதலிலேயே தீர்மானித்திருந்தேன். மற்றதுகளை அழச் சொன்னால் இளிக்கும். அவளுக்கு அழுகை சுலபமாக வரும், அனுபவம் இருக்கிறது. செபாஸ்டின் மட்டும், "அவளை விட்டுடு ஜெசி, பாவம்டி" என்றார். "நடிக்கிறதுதான் மருந்து. வெளிநாட்டுல எல்லாம் அப்படித்தான் வைத்தியம் பண்றாங்க" என்றேன். எங்கேயோ படித்தது.

ஒத்திகையில் அவள் தாளை வாங்கி, எழுத்துக் கூட்டி வாசித்தாள். அந்தக் கட்டு வசனத்தில் நின்றுவிட்டாள். சுற்றிலும் எல்லோரும் சிரிக்கிறார்கள். இவள் மட்டும் மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். வாய்க்குள். பிறகு என்னிடம் வந்தாள்.

"அக்கா, இந்தக் கட்டு நனையிற வசனத்தை யாரு எழுதினது?"

"நான்தான். நாடகமே நான்தானே எழுதினேன். ஏன், நல்லா இல்லையா?"

"இல்லக்கா. எப்படிக்கா இப்படி உங்களுக்குத் தோணுச்சு?"

"தோணுச்சு. அதுக்குப் பேர்தான் கற்பனை. ஸ்கூல்ல எங்களுக்கு அதையெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்காங்க."

 அந்தத் தாளை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். "நல்லாருக்குக்கா. அப்படியே இருக்கு" என்றாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? செபாஸ்டின் தகரத்தைக் கீழே போட்டுவிட்டார், கையை வெட்டிக்கொண்டார். அவருக்கு ஒரு வேலை ஒழுங்காக வராது.

இல்லை மேடம். நீங்கள் என்ன கேட்க வருகிறீர்கள் என்று தெரிகிறது. அவள் அன்றைக்கு இதே வார்த்தைகளைச் சொன்னாளா, சொல்லவில்லையா, எனக்கு எப்படித் தெரியும்? எழுதும்போது மனசில் எங்கிருந்தோ வந்தது. உங்களுக்குத் தெரியாததா? எழுதுகிறவர்களுக்கு எங்கிருந்தோ வரும். கவிஞர்களைப் பிடித்து, இந்த வரி எங்கே கிடைத்தது, காட்டு என்று யாராவது கேட்கிறார்களா? இன்னாசிக்கு இருந்தது மாவுக்கட்டு. நான் எழுதியது வெறும் கட்டு. நோவா காலத்தில் மாவுக்கட்டு ஏது? டாக்டரை வைத்தியர் ஆக்கினேன். இரண்டும் ஒன்றா?

அன்றிலிருந்து ஒரு ஒத்திகைக்கும் அவள் தவறவில்லை. எல்லோருக்கும் முன்னால் வந்து பாய் விரிப்பாள். என்னிடம் மட்டும் அடிக்கடி, "அக்கா, உள்ளேயிருந்து நீங்க சொல்ற வசனத்தை ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க" என்பாள். "எதுக்கு? உன் வசனத்தைப் படி." "இல்லக்கா, நீங்க சொன்னா நல்லாருக்கு." நானும் சொல்லிக் காட்டுவேன். ஆர்வம் என்று நினைத்தேன். எவ்வளவு அழுத்தக்காரி பாருங்கள்.

அந்த வசனம் எனக்கும் பிடித்த வசனம். வெளியே அவள் தட்டுகிறாள். உள்ளே நோவாவின் மருமகள் கேட்க வேண்டும்: "அத்தை, யாரோ தட்டுறாங்களே, உங்களுக்குக் கேக்கலையா?" அதற்கு நான், மெதுவாகத் திரும்பி: "கேட்கிறது. தெளிவாகக் கேட்கிறது. யார் என்றுகூடத் தெரிகிறது. ஆனால் கதவை அடைத்தவர் ஆண்டவர். திறப்பதற்கு நான் யார்?" தொடக்கநூலில் அப்படித்தான் இருக்கிறது மேடம். கதவை அடைத்தது நோவா இல்லை, ஆண்டவர். யாரும் அதைக் கவனிப்பதில்லை. நான் கவனித்தேன்.

இன்றைக்கு நடந்தது உங்களுக்கே தெரியும். ஆனால் நீங்கள் பார்த்தது நாடகம் என்று நினைத்துக்கொண்டு பார்த்தீர்கள். நான் எழுதியதில் இல்லாதது எது என்று சொல்கிறேன்.

கட்டு வசனத்தைக் கதறிச் சொன்னாள். சிரித்தார்கள். அதோடு அவள் விழ வேண்டும். விழுந்ததும் புடவையைத் தலைக்கு மேல் கொண்டுபோக வேண்டும், அப்படித்தான் ஸ்கிரிப்டில் இருக்கிறது. அவள் விழவில்லை. புடவையைக் காலால் மிதித்துத் தாண்டி வந்தாள். தண்ணீரை மிதித்து நடந்தவர் ஒருவர்தான், அவர் வருவதற்கு இன்னும் எத்தனையோ காலம் இருக்கிறது! என் பேழைக் கதவுக்கு நேராக வந்து நின்று, கூட்டத்தைப் பார்க்காமல், பிளைவுட்டுக்குள் என்னைப் பார்த்து, "அக்கா, அன்னிக்கு நான் வந்து தட்டினது உங்களுக்குக் கேட்டுச்சா?" என்றாள்.

மருமகள் வேஷம் போட்ட பெண் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. அது கேட்க வேண்டிய கேள்வியை இவள் கேட்டுவிட்டாள். ஹால் முழுக்கப் பார்க்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்? முழிக்க வேண்டுமா? மதர் பெர்னார்தா எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான். மேடை இடிந்து விழுந்தாலும் வசனத்தை விடாதே. எட்டாம் வகுப்பில் திரை என் தலையிலேயே விழுந்திருக்கிறது, திரைக்குள்ளிருந்து வசனம் சொன்னவள் நான். அதனால் சொன்னேன். திரும்பி, கழுத்து மைக்கில், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி: "கேட்கிறது. தெளிவாகக் கேட்கிறது. யார் என்றுகூடத் தெரிகிறது." முழுதும் சொன்னேன். ஒரு சொல் தடுமாறவில்லை. ஒரு சொல்லை மாற்றவில்லை.

என் வசனம் முடிந்ததும் இடி. இடி வரவில்லை. பக்கவாட்டில் பார்க்கிறேன், செபாஸ்டின் தகரத்தைச் சுவரில் சாத்திவிட்டு, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நிற்கிறார். குலுக்குங்கள் என்று சைகை காட்டுகிறேன். என்னை யாரோ போலப் பார்க்கிறார்.

அமலா, "சரிக்கா. இது போதும்" என்றாள். அதுவும் ஸ்கிரிப்டில் இல்லை. பிறகு அவளே படுத்து, அவளே புடவையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள்.  அந்தத் தெருப் பெண்கள் எல்லோரும் அங்கேதானே உட்கார்ந்திருக்கிறார்கள். வருடாவருடம் பூசை முடிந்து அவள் என்னிடம் அழுவதைப் பார்த்தவர்கள். கைதட்டியது அவளுக்கு. நான் வணங்க வந்தபோது யாரும் தட்டவில்லை.

திரைக்குப் பின்னால் போய், "என்னடி இது? யாரு உன்னை இஷ்டத்துக்குப் பேசச் சொன்னது? பரிசு போச்சு" என்று பிடித்தேன். மேக்கப்பைத் துடைத்துக்கொண்டே நிற்கிறாள். அழவில்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அழாமல் என் முகத்தைப் பார்க்கிறாள். "நான் பலமாத் தட்டாததால இல்லக்கா" என்றாள். "என்ன?" "ஒண்ணுமில்லக்கா. நான் தட்டினது போதும்னு தெரிஞ்சுக்கிட்டேன். இனி உங்களைக் கேக்க மாட்டேன்." கேடயத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். நன்றி என்று ஒரு வார்த்தை? வேஷம் கொடுத்தவளுக்கு?

செபாஸ்டின் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு நடந்து வருகிறாராம். இந்த மழையில். போவதற்கு முன்னால் என்னிடம் வந்து கையை நீட்டினார். "கேட் சாவியைக் குடு ஜெசி." இத்தனை வருடத்தில் அவர் இரண்டாவது தடவையாக... எதற்கு என்றேன். "எங்கிட்ட ஒண்ணு இருக்கட்டும்." கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து பெல் அடித்தால் திறக்கப் போகிறேன். பெரிய விஷயமா?

இதோ, ஸ்டேஷன் வந்துவிட்டது. கொஞ்சம் இருங்கள் மேடம், மழை விடட்டும், ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அந்த ஃபோனை இப்போதே செய்துவிடலாமே. உருவகம் என்று சொன்னது நீங்கள்தானே? உருவகத்துக்காக யாரையாவது பதவியிலிருந்து இறக்குவார்களா? பாத்திரம் சொன்னதை எழுதியவள் தலையில் கட்டலாமா? இரண்டு நிமிடம். நம்பர் நான் போட்டுத் தருகிறேன்.

என்ன மேடம், தலையை ஆட்டுகிறீர்கள்?

என்ன சொன்னீர்கள்? அந்தக் குரலை மறக்க முடியாதா? அந்தக் கதறலுக்குத்தான் கேடயமா?

அப்படியானால் உங்களுக்கு நடிப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நான் சொல்ல வேண்டியிருக்கிறது, மன்னிக்க வேண்டும். அது வெறும் கத்தல். ஓவர் ஆக்டிங். அன்றைக்கு அவள் அப்படிச் சத்தம் போடவே இல்லை. கேட் கம்பியில் விரலால் நாலு தட்டு. அக்கா என்று ஒரு தரம், அவ்வளவுதான். பிறகு மெதுவாக, பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி காபித்தூள் கேட்பது போல, கட்டு நனையக் கூடாதுக்கா என்று சொல்லிவிட்டு, பதிலுக்காக மரியாதையாகக் காத்துக்கொண்டு நின்றாள். அப்படியே செய்திருந்தால் நானே எழுந்து அவளுக்குக் கைதட்டியிருப்பேன்.